பிரிக்பீல்ட்ஸ் மாடி ஸ்டூடியோவில் ஒரு கிறிஸ்தவப் பாட்டு: 3,200 வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது, எதைக் கேட்டு வாங்க வேண்டும்

கோலாலம்பூரில் சொந்தமாக ஒரு கிறிஸ்தவப் பாட்டை வெளியிட நினைக்கும் சபையோ பாடகரோ பெரும்பாலும் போய்ச் சேருவது ஒரு கடைவீட்டு மாடிக்குத்தான். இரண்டு அறை, ஓர் ஆள். வரி எழுதுவது, மெட்டுப் போடுவது, கீபோர்டில் வாத்தியங்களை அடுக்குவது, குரலைப் பதிவது, மிக்ஸிங் (எல்லா ஒலித் தடங்களையும் அளவு பார்த்துச் சேர்ப்பது), மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் கொடுக்கும் கடைசி ஒலி மெருகு) என்று எல்லாமே அவர் கையில். இந்த மதிப்புரை, கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய அப்படி ஒரு ஸ்டூடியோவைப் பற்றியது. குறைகளையும் சேர்த்தே சொல்வதால் பெயர் போடவில்லை. இதே முறையில் வேலை செய்யும் வேறு இடங்களுக்குப் போகிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வரியும் மெட்டும் உருவாகும் கட்டத்தில் இவர் வேலை அருமை. குரல் பதிவு நல்ல தரம். மிக்ஸிங் சுமார். ஃபைல் ஒப்படைப்பதும் உரிமைத் தாளும் பலவீனம். நாமாகக் கேட்காவிட்டால் பின்னால் தவிக்க நேரிடும்.

கட்டணம் இப்படி: வரி, மெட்டு, இசைக்கோவை, குரல் பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் சேர்த்து ஒரு பாட்டுக்கு 3,200 வெள்ளி (ரிங்கிட்). வரியும் மெட்டும் நம்முடையது என்றால் 2,400. குரல் பதிவுக்கு நான்கு மணி நேரம் உள்ளடக்கம். அதற்கு மேல் மணிக்கு 120. மைனஸ் ஒன் (பாடகர் குரல் இல்லாத இசைத் தடம்) வேண்டுமென்றால் 150 கூடுதல். இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவது முறையிலிருந்து காசு. தபேலா, புல்லாங்குழல், வயலின் போன்றவற்றை நேரடியாக வாசிக்க வைத்தால் கலைஞருக்கான சம்பளம் தனி. இந்தக் கடைசி வரியை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பேசும்போது 'எல்லாம் சேர்த்துத்தான்' என்று காதில் விழும். பில்லில் அப்படி இருக்காது.

வரியும் மெட்டும்

இவரிடம் போக முதல் காரணம் இதுதான். எழுதுகிறவரே மெட்டமைப்பதால் சொல்லும் சுரமும் ஒன்றாகப் பிறக்கின்றன. மெட்டுக்குப் பின்னால் வரியைத் திணிக்கும் இடங்களில் நடக்கும் பெரிய விபத்து, குறில் மேல் நீண்ட சுரம் விழுவது. 'கர்த்தரே என் பலம்' என்று எழுதியிருப்பார்கள். மெட்டு அந்த 'ப'வில் போய் மூன்று அட்சரம் நின்றால் சபை பாடுவது 'கர்த்தரே என் பாலம்'. 'மனம்' இதே வழியில் 'மானம்' ஆகிவிடும். எழுத்தில் பிழையே இருக்காது, ஆனால் காது கேட்பது வேறு சொல். இந்த ஸ்டூடியோவில் வரியைத் தாளத்தோடு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, நீளும் சுரங்களுக்கெல்லாம் நெடிலோ, 'ம்', 'ன்' போல இழுக்கத் தோதான மெய்யில் முடியும் அசையோ வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கீபோர்டைத் திறக்கிறார்கள். இதற்கு அரைநாள் ஆகிறது. அந்த அரைநாள் கொடுத்த காசுக்கு மேலேயே பெறும்.

இன்னொரு நல்ல பழக்கம்: எந்தச் சபைக்குப் பாட்டு என்று முதலிலேயே கேட்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே சொல் வழக்கு ஒன்றல்ல. லுத்தரன், மெத்தடிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் 'கர்த்தர்', 'பரிசுத்த ஆவியானவர்' என்பது இயல்பு. கத்தோலிக்கருக்கு 'ஆண்டவர்', 'தூய ஆவியார்'. திருப்பலியில் பாட வேண்டிய பாட்டில் 'கர்த்தாவே' என்று நான்கு இடத்தில் வந்தால் பாடகர் குழுத் தலைவரே அதை ஒதுக்கிவிடுவார். இரு பக்கமும் பாடும்படி வேண்டும் என்றால் 'தேவன்', 'இயேசு', 'ஆவி' என்று பொதுச் சொற்களால் எழுதித் தருகிறார்கள். அது எளிதில்லை, 'கர்த்தர்' என்ற சொல்லில் இருக்கும் அந்த ஒற்றும் அழுத்தமும் 'தேவன்' என்பதில் கிடையாது, மெட்டும் அதற்கேற்ப மாற வேண்டும்.

வேத வசனத்தை அப்படியே பல்லவியாக்குகிறவர்கள் எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1871-ல் முடிந்த பவர் ஐயரின் வேதாகமத் திருப்புதல் பழையது, யாரும் உரிமை கேட்டு வர மாட்டார்கள். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு (திருவிவிலியம்) அப்படியல்ல. அதிலிருந்து நீளமாக எடுத்தால் வெளியிட்டவர்களிடம் அனுமதி கேட்பதுதான் முறை. ஸ்டூடியோ இதைச் சொல்வதில்லை.

பழைய கீர்த்தனையைப் புதிதாகப் பதிவு செய்ய வருகிறவர்களும் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-ல் மறைந்தார். மலேசியச் சட்டத்தில் பாட்டுக்கான காப்புரிமை, எழுதியவர் மறைந்து 50 ஆண்டு வரைதான். ஆகவே அவருடைய வரிகளை யாரும் தாராளமாகப் பாடலாம். ஆனால் இன்று நாம் பாடும் மெட்டு பின்னால் வந்த ஒருவருடையதாக இருக்கலாம், நம் காதில் இருக்கும் அந்த முன்னிசை ஓர் ஒலிநாடாவிலிருந்து வந்ததாக இருக்கலாம். வரி பழையது என்பதால் எல்லாமே பொதுச்சொத்து ஆகிவிடாது. ஆங்கில ஆராதனைப் பாட்டைத் தமிழாக்கிப் பாடுவது இதைவிடச் சிக்கல்: மொழிபெயர்ப்புக்கு அந்தப் பாட்டின் வெளியீட்டு நிறுவனத்திடம் தனியாக அனுமதி வேண்டும். இங்கே கேட்காமலேயே பதிவு செய்து கொடுத்துவிடுகிறார்கள். பாட்டு இணையத்தில் ஏறிய பிறகு இறக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் அது வாடிக்கையாளர் தலையில்தான் விழும்.

கட்டை

பாடகருக்கு வசதியான கட்டை (பாட்டின் ஆதார சுருதி) வேறு, சபைக்கு வசதியான கட்டை வேறு. பெண் குரல் ஐந்தரைக் கட்டையில் ஜொலிக்கும். அதே பாட்டை ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நூறு பேர் சேர்ந்து பாட முயன்றால் சரணத்தின் உச்சியில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். சபையில் பாடவும் வேண்டும் என்றால் பாட்டின் மிகக் கீழ்ச் சுரத்துக்கும் மிக மேல் சுரத்துக்கும் இடைவெளி ஒரு ஸ்தாயியோடு ஒன்றிரண்டு சுரம், அதற்கு மேல் போகக் கூடாது. இதை மெட்டுப் போடும்போதே சொல்லிவிட வேண்டும்.

மைனஸ் ஒன் வாங்கும்போது பாடகர் கட்டையில் ஒன்று, இரண்டு அரைக்கட்டை இறக்கி ஒன்று என்று இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். இறக்குவது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கீபோர்டில் வாசித்தவை மிடி தகவலாக (ஒலியாக அல்ல, எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பாக) இருப்பதால் அப்படியே கீழே இறக்கி மறுபடி ஒலிக்க வைக்கலாம், தரம் குறையாது. முடிந்துபோன ஆடியோ ஃபைலை மென்பொருளில் போட்டு இறக்கினால் தபேலா சொதசொதவென்று ஆகும், சிம்பலில் நீர்க்குமிழி போல ஒரு சத்தம் வரும். முதல் வழிக்கு ஒரு மணி நேர வேலை. இரண்டாவதற்கு ஒரு நிமிடம். கேட்காவிட்டால் இரண்டாவதுதான் கிடைக்கும்.

அறையும் குரலும்

குரல் அறை சிறியது. சுவர் முழுக்க ராக்வுல் பலகை, மேலே துணி. எதிரொலி நன்றாகவே அடங்கியிருக்கிறது. பிரச்சினை மேலே இருந்து வருகிறது. கூரை தகரம். கோலாலம்பூரில் மத்தியான மழை எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் மூன்று மணிக்கு மேல் மெல்லிய குரலில் பாடும் பாட்டைப் பதிவது வீண். காலை ஒன்பது மணிக்கு நேரம் எடுத்தால் மழையும் குறைவு, குரலும் சூடேறப் பத்தரை ஆகும், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். தொழுகை அழைப்பு நேரங்களை ஸ்டூடியோவே அட்டவணையில் குறித்து, அந்தச் சில நிமிடம் இடைவேளை விடுகிறது.

குளிர்சாதனத்தைப் பதிவின்போது அணைக்கிறார்கள். நான்கு எடுப்புக்குள் அறை வெந்துவிடும். மெல்லிய ஒரு துண்டும் தண்ணீரும் கையோடு கொண்டு போவது நல்லது. குளிர்ந்த தண்ணீர் வேண்டாம்.

ஈரப்பதம் இன்னொரு எதிரி. கண்டன்சர் மைக்கின் உள்தகட்டில் ஈரம் படிந்தால் பொரி பொரிவது போல ஒரு சத்தம் வரும், சில நேரம் ஒலி திடீரென்று அமுங்கும். இவர்கள் மைக்குகளை ஈரம் உறிஞ்சும் பெட்டியில் 45 விழுக்காட்டில் வைத்து, பதிவுக்கு அரைமணி முன்பே எடுத்து மின்சாரம் கொடுத்து வைக்கிறார்கள். இந்த ஊரில் வீட்டில் பதிவு செய்கிறவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

பாடகர் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும், நடுவே பாப் ஃபில்டர் (வாயிலிருந்து வரும் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் திரை). 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிகிறார்கள். உச்ச சத்தம் மைனஸ் 10 டெசிபெல்லைத் தொடாதபடி வைக்கிறார்கள். சரியான வழக்கம். 24 பிட்டில் குறைவாகப் பதிந்தால் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம், கூடுதலாகப் பதிந்து உடைந்ததை மீட்க முடியாது.

உச்சரிப்பில்தான் இரண்டாவது காது தேவை. ஆங்கிலப் பள்ளியிலும் மலாய்ப் பள்ளியிலும் படித்து வளர்ந்த நல்ல பாடகர்கள் பலருக்கு ழகரம் லகரமாக நழுவும். 'நீரே வழி' என்பது 'நீரே வலி' ஆனால் பாட்டின் பொருளே தலைகீழ். பாடும்போது யாருக்கும் இது தெரியாது. எல்லோரும் சுருதியையும் தாளத்தையும் கவனித்துக்கொண்டிருப்பார்கள். தயாரிப்பாளர் அந்த வரியை எழுதியவர் என்பதால் அவர் காதில் அது 'வழி' என்றே விழும். மனம் எதிர்பார்ப்பதைத்தான் காது கேட்கும். ஆகவே பாட்டை அதுவரை கேட்டிராத, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரை, சபையில் வேதம் வாசிக்கிற அக்காவாக இருந்தால் இன்னும் நல்லது, பதிவு நாளில் கூட அழைத்துப் போங்கள். கையில் வரித் தாளைக் கொடுக்காதீர்கள். கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதும் தாளில் இருப்பதும் எங்கே பிரிகின்றனவோ அங்கே மறுபடி பாட வேண்டும்.

தோல் வாத்தியம்

நேரடித் தபேலாவும் மிருதங்கமும் வைத்துப் பதிவது இந்த ஸ்டூடியோவின் தனிச்சிறப்பு. சாம்பிள் லூப்பில் (முன்பே பதிந்து வைத்த, திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டில்) வாழ்கிற இடங்களுக்கு நடுவே இது பெரிய விஷயம். ஆனால் தோல் வாத்தியம் இந்தத் தட்பவெப்பத்தில் சொன்ன பேச்சு கேட்காது. வெளியே ஈரம், உள்ளே குளிர்சாதனம். அறைக்குள் கொண்டு வந்ததும் சுருதி சேர்த்தால் இருபது நிமிடத்தில் தோல் காய்ந்து சுருதி ஏறிவிடும். வாத்தியத்தை அறையில் ஒரு மணி நேரம் சும்மா வைத்த பிறகே சுருதி சேர்க்க வேண்டும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் (இடப் பக்கம்) அப்பும் ரவைப் பசை குளிரில் வேகமாக உலரும். உலர்ந்தால் அந்தக் கும்கி நாதம் மெலிந்து, அடி வறண்டு கேட்கும். ஒவ்வொரு அரைமணிக்கும் விரலால் தண்ணீர் தொட்டுத் தடவ வேண்டும். பதிவின் நடுவே கலைஞர் இதைச் செய்யும்போது நேரம் போகிறதே என்று பதறாதீர்கள்.

பாட்டு எந்தக் கட்டை என்பதைத் தபேலாக் கலைஞருக்கு முதல் நாளே சொல்ல வேண்டும். ஒரு தபேலாவை அதன் இயல்பான சுருதியிலிருந்து இரண்டு அரைக்கட்டைக்கு மேல் ஏற்றினாலோ இறக்கினாலோ நாதம் கெடும். ஒன்றரைக் கட்டைக்கு ஒரு தபேலா, நான்கு கட்டைக்கு வேறொரு தபேலா. கடைசி நேரத்தில் 'அரைக்கட்டை ஏற்றிப் பாடலாமா' என்று பாடகர் கேட்பது சின்ன விஷயமாகத் தெரியும். கலைஞர் வீட்டுக்குத் திரும்பிப் போய் வேறு வாத்தியம் எடுத்து வர வேண்டியிருக்கும்.

தாளச் சொடுக்கு (பாடும்போது ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் ஒலி) பற்றி ஒன்று. திஸ்ர நடைப் பாட்டுகள், கீபோர்ட் வாசிக்கிறவர்கள் 'சிக்ஸ் எய்ட்' என்று சொல்வது, தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டில் ஏராளம். இங்கே வழக்கமாக ஆறு எண்ணிக்கையில் ஒன்றிலும் நான்கிலும் மட்டும் சொடுக்கு வைக்கிறார்கள். மெதுவான பாட்டில், நிமிடத்துக்கு 50 சொடுக்கு என்றால், ஒரு சொடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே 1.2 வினாடி காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தில் அனுபவம் குறைந்த பாடகர் முந்திவிடுவார். ஆறையும் ஒலிக்க விடச் சொல்லுங்கள். ஒரே அமைப்பு மாற்றம்தான், பதிவு பாதியாகச் சுருங்கும்.

சென்னையிலிருந்து வரும் புல்லாங்குழல்

உள்ளூரில் கிடைக்காத வாத்தியத்தைச் சென்னையில் வாசிக்க வைத்து ஃபைலாக வாங்குவது இப்போது வழக்கம். விலையும் நியாயம், கலைஞர்களும் தேர்ந்தவர்கள். ஆனால் வழிகாட்டித் தடத்தை எம்.பி.3-ஆக அனுப்புவது தவறு, இங்கே அது நடக்கிறது. எம்.பி.3 உருவாக்கும்போதும் திறக்கும்போதும் தொடக்கத்தில் ஒரு சிறு அமைதி சேர்ந்துகொள்ளும். எம்.பி.3 உருவாக்க அதிகம் புழங்கும் லேம் குறிமாற்றியில் அது 1,105 ஒலி மாதிரிகள், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 25 மில்லிவினாடி. சில மென்பொருள் அதைத் தானே கழித்துவிடும், சிலது கழிக்காது. கழிக்காத இடத்தில் வாசித்த புல்லாங்குழல், திரும்பி வரும்போது பாட்டு முழுக்க 25 மில்லிவினாடி பின்னால் நிற்கும். தனியாகக் கேட்டால் அழகாக இருக்கும். கிட்டாரோடு சேரும்போது ஏதோ சோம்பலாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றும், காரணம் பிடிபடாது. வேவ் ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள். தொடக்கத்தில் நான்கு சொடுக்கு சேர்த்து அனுப்பி, அந்தச் சொடுக்கோடே திரும்ப வாங்கினால் ஒட்டுவது கண்ணுக்கே தெரியும்.

சபையின் பழைய ஆர்மோனியத்தைப் பதிவில் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: அது பெரும்பாலும் பொதுச் சுருதி அளவான 440 ஹெர்ட்ஸில் நிற்காது. முதலில் அதன் சுருதியை அளந்து, கீபோர்டை அதற்கு இழுத்துக்கொள்ள வேண்டும். ஆர்மோனியத்தின் தகட்டைச் சுரண்டிச் சரிசெய்வது ஒரு பாட்டுக்காகச் செய்யும் காரியமில்லை.

சுருதி திருத்தம்

சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோ டியூன் மென்பொருள் 1997-லிருந்து உலகம் முழுக்க இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அது கமகத்தைப் பிழை என்று எண்ணிக்கொள்ளும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போகும் குரலை, இரண்டு படிக்கட்டாக வெட்டி வைக்கும். இங்கே அவசரத்தில் திருத்த வேகத்தைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாட்டு முழுக்க ஓட விடுகிறார்கள். கீர்த்தனை பாணியில் பாடினவர் கடைசியில் விளம்பரக் குரல் போல ஒலிப்பது இதனால்தான். வேகத்தை 40, 50 மில்லிவினாடிக்குத் தளர்த்தலாம். அதைவிட நல்லது மெலோடைன் போன்ற மென்பொருளில் தவறிய சுரத்தை மட்டும் கையால் பிடித்து நகர்த்துவது. 'கமகம் வரும் இடத்தைத் தொடாதீர்கள்' என்று நேரத்தைக் குறித்துக் கொடுத்தால் செய்கிறார்கள். சொன்னால் கேட்கிற ஆள், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மிக்ஸிங்

எழுதியவரே மிக்ஸ் செய்வதன் பாதகம் இங்கே தெரியும். தான் எழுதிய வரி தன் காதில் எப்போதும் தெளிவாகவே கேட்பதால், குரலை வாத்தியத்துக்குள் கொஞ்சம் அழுத்தி வைக்கிறார். வரியைத் தெரியாதவருக்குப் பாதிச் சொல் புரியாது. கிறிஸ்தவப் பாட்டில் சொல் புரியாமல் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? குரலை ஒன்று அல்லது ஒன்றரை டெசிபெல் ஏற்றச் சொல்வதற்கு முதல் திருத்தத்தைச் செலவழியுங்கள்.

இரண்டாவது, கோரஸ் குரல்களையும் வயலின் வகைச் சரங்களையும் அகலமாக்கும் மென்பொருளைத் தாராளமாகப் போடுகிறார். ஹெட்ஃபோனில் மகிமையாக இருக்கும். நம் சபைகள் பலவற்றில் ஒலிபெருக்கி மோனோதான். கைப்பேசியிலிருந்து ஒரே ஒயரில் மிக்ஸருக்குப் போகும். இடமும் வலமும் எதிரெதிராகத் திருப்பி அகலமாக்கியவை மோனோவில் ஒன்றையொன்று தின்றுவிடும். சரங்கள் காணாமல் போகும். ஒப்புக்கொள்வதற்கு முன் மோனோ பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். பத்து வினாடி வேலை.

மாஸ்டரிங்கில் சத்தத்தை முடிந்தவரை ஏற்றித் தருவது பெருமை என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். ஸ்போட்டிஃபை இயல்பாக மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்துத்தான் ஒலிபரப்பும். மைனஸ் 8-ல் கொடுத்தாலும் அங்கே குறைந்துவிடும். நசுங்கிய நாதம் மட்டும் நசுங்கியபடியே நிற்கும். உச்சம் மைனஸ் 1 டெசிபெல் ட்ரூ பீக்கைத் (ஒலி அலையின் உண்மையான உச்சம்) தாண்டக் கூடாது. இந்த ஸ்டூடியோ மைனஸ் 10-ஐ ஒட்டித் தருகிறது. மிருதங்கத்தின் அடி மழுங்குவது அதனால்தான்.

ஃபைலும் தாளும்

மாஸ்டர் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். முடியவில்லை. 24 பிட் வேவ் மாஸ்டர், கோரஸ் குரலோடு ஒரு மைனஸ் ஒன், கோரஸ் இல்லாமல் ஒன்று, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பாட்டின் பூஜ்ய நொடியிலிருந்தே தொடங்கும் ஸ்டெம் ஃபைல்கள், கார்டு (சுரக்கூட்டு) எழுதிய வரித் தாள், இவையெல்லாம் வன்தட்டில் கைக்கு வர வேண்டும். ஸ்டெம் எதற்கு என்று கேட்பார்கள். மூன்று வருடம் கழித்து அந்தக் கணினியும் மென்பொருளும் மாறியிருக்கும், பழைய ப்ராஜெக்ட் திறக்காது. ஸ்டெம் இருந்தால் யாரிடம் கொண்டு போனாலும் மறுபடி மிக்ஸ் செய்யலாம். இதற்குத் தனியாக 300 வெள்ளி கேட்கிறார்கள், கொடுக்கலாம்.

ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண் பன்னிரண்டு எழுத்து. பாட்டுக்கு ஒன்று, மைனஸ் ஒன்னையும் வெளியிட்டால் அதற்கு வேறொன்று. அட்டைப்படம் 3,000-க்கு 3,000 பிக்சல் சதுரம். பாடகர் பெயரை ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுக்காவிட்டால், ஒருவரே இரண்டு பாடகராகப் பிரிந்து போவார். லூப் வாங்கிப் போட்டிருந்தால் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (ஒலியைத் தானாக அடையாளம் கண்டு உரிமை கோரும் முறை) பாட்டைப் பதியக் கூடாது. அதே லூப் இன்னொருவர் பாட்டிலும் இருக்கும், அவர் மேல் நம் பெயரில் புகார் போகும்.

இனி உரிமை. பலர் நினைப்பதற்கு மாறாக, மலேசியாவின் 1987 காப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருவரை எழுதச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை எழுதச் சொன்னவருக்கு மாறியதாகவே கொள்ளப்படும். இதை வாடிக்கையாளரும் அறிந்திருப்பதில்லை, எழுதுகிறவரும் அறிந்திருப்பதில்லை. ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்து 'நம்ம ஆள்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். பாட்டு பரவிய பிறகு மனஸ்தாபம் வருகிறது. சட்டமே மாற்றித் தரும் இதைத் தவிர, உரிமையைக் கைமாற்றுவதோ பயன்படுத்த அனுமதிப்பதோ எழுத்தில் இருந்தால்தான் செல்லும், வாய்ப்பேச்சு செல்லாது. ஒரு பக்கத் தாள் போதும்: வரி யாருடையது, மெட்டு யாருடையது, பதிவு யாருடையது, பங்கு எத்தனை விழுக்காடு, பெயர் எப்படி இடம்பெறும். வாசித்த கலைஞர்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

வாடிக்கையாளர் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. கிறிஸ்தவப் பாட்டெழுதி, இசைத்து வாழ்கிறவரின் தொழில் ஒரு பாட்டுக்கு வரும் 3,200 வெள்ளியில் நிற்பதில்லை. அதில் இசைக்கலைஞர், வாடகை, மின்சாரம் போக அவருக்கு மிஞ்சுவது சில நாள் கூலி. ஒலிநாடாவும் குறுந்தட்டும் இருந்த காலத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மேசை போட்டு விற்றார்கள், அடுத்த ஆல்பத்துக்கு முதல் வந்தது. இப்போது அந்த மேசை இல்லை. பாட்டெழுதுகிறவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் உரிமைத்தொகை வசூலிக்கும் அமைப்பு, 1989-ல் தொடங்கிய எம்.ஏ.சி.பி. அதில் உறுப்பினராகித் தன் பாட்டுகளைப் பதிந்து வைத்த எழுத்தாளருக்கு, பாட்டு பொதுவில் ஒலிக்கும்போது பங்கு வர வழி உண்டு. அதற்கு அவர் பெயர் தாளில் இருக்க வேண்டும். எல்லா உரிமையையும் சபை வாங்கிக்கொண்டு, வீடியோவின் கீழே பாடகர் பெயரை மட்டும் போடுவது சட்டத்துக்கு ஒத்து வரலாம். நியாயம் அல்ல. எழுதியவரின் பங்கை அவரிடமே விட்டு, சபைக்கு என்றைக்கும் பாடவும் வெளியிடவும் அனுமதி வாங்கிக்கொள்வதே இருவருக்கும் நல்லது. அப்படிக் கேட்டால் இவர் கட்டணத்தையும் குறைத்துக்கொள்கிறார்.

யாருக்குப் பொருந்தும்

சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து, நேரடி வாத்தியத்தோடு, சபை பாடும்படியான பாட்டு வேண்டுகிறவர்கள் தயங்காமல் போகலாம். மேடை அதிரும் வாலிபர் கூட்டப் பாட்டு, கனமான ட்ரம், மின்கிட்டார் என்றால் வேறு இடம் பாருங்கள். அந்த ஒலி இவர் கையில் வருவதில்லை. வரியும் மெட்டும் பதிவும் இங்கே செய்து, மிக்ஸிங்கை மட்டும் வெளியே கொடுப்பது மூன்றாவது வழி. ஸ்டெம் ஃபைலோடு 2,600 வெள்ளிக்கு அதற்குச் சம்மதிக்கிறார். மிக்ஸ் செய்பவருக்குத் தனியாகக் கொடுத்தாலும் வரும் தரத்துக்குத் தகும்.

நாள் கணக்கு: வரிக்கும் மெட்டுக்கும் இரண்டு வாரம், இசைக்கோவைக்கு ஒரு வாரம், பதிவு இரண்டு நாள், மிக்ஸிங்கும் திருத்தமும் இரண்டு வாரம். ஸ்போட்டிஃபை ஆசிரியர் குழுவின் பார்வைக்குப் பாட்டை முன்வைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அது ஏறியிருக்க வேண்டும். விநியோக நிறுவனம் எடுத்துக்கொள்ளும் நாள் அதற்கு மேல். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஆகஸ்டிலேயே முன்பணம் கட்டிவிடுங்கள். அக்டோபரில் போனால் மழையும் கூட்டமும் ஒன்றாக இருக்கும். லெந்து காலப் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) பாட்டுக்கு நவம்பர் கடைசிக்குள் வரியாவது முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் டிசம்பர் முழுக்க இவர் சபைகளில் கீபோர்ட் வாசித்துக்கொண்டிருப்பார், ஸ்டூடியோ பூட்டியிருக்கும்.